பெல்ட் மாற்ற உகந்த காலம்

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில், இஞ்சி மூட்டை அடுக்கும் கிட்டங்கிகளுக்கு நடுவே கழகத்தின் மூன்று மாடிக் கட்டடம் இருந்தது. அதன் முழுப்பெயர் தென்கரைத் தொழிலாளர் ஆரோக்கிய ரக்ஷணக் கழகம். கட்டடத்தின் அகலத்துக்குள் அடங்காத பெயர்ப்பலகை மூலையில் மடங்கி, ‘கழகம்’ என்ற சொல் மட்டும் பக்கத்துச் சந்தில் மூத்திரம் பெய்கிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கிட்டங்கிகளில் சுக்கு பொறுக்கியும் மூட்டை தூக்கியும் பிழைக்கிறவர்களின் உடல்நலத்தைக் காப்பது கழகத்தின் வேலை. அதற்காக ஒரு தலைவர், ஒரு செயலாளர், ஒரு தொழில்நுட்ப ஆலோசகர், மாடிக்கு ஒரு கூட்டமாகக் குமாஸ்தாக்கள், ஒரு வேன் ஆகியவை இருந்தன. டாக்டர் இல்லை. டாக்டரை நியமிக்கலாமா என்பது எண்பத்திரண்டாம் ஆண்டு முதல் பரிசீலனையில் இருந்தது.

வேனுக்குப் பொறுப்பாளர் பிச்சைமணி. பாலக்காட்டு நூறணிக்காரர், கல்யாணமான புதிதில் கொச்சிக்கு வந்து, இங்கேயே தலை நரைத்தவர். அவருக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. அதனால்தான் அவரை வாகனப் பிரிவில் போட்டார்கள். ஓட்டத் தெரிந்தவன் தவறாகப் பயன்படுத்துவான் என்பது கழகத்தின் கொள்கை. வாகனப் பிரிவு என்பது அவரும், டிரைவர் பரீதும், அந்த ஒற்றை வேனும்தான்.

எண்பத்தொன்பதாம் ஆண்டு, மழைக்காலம் தொடங்குவதற்கு முன், வேன் சர்வீசுக்காகக் கலூரிலிருந்த பட்டறைக்குப் போயிற்று. அங்கே மெக்கானிக் பிச்சைமணியைக் கூப்பிட்டு, என்ஜினுக்குள் டைமிங் பெல்ட் என்று பல் வைத்த ரப்பர் பட்டை ஒன்று இருக்கிறது என்றார். என்ஜினின் மேல்பாதியும் கீழ்ப்பாதியும் ஒன்றுக்கொன்று தாளம் தப்பாமல் சுற்றுவது அதனால்தான். அறுபதாயிரம் கிலோமீட்டர் ஓடினாலோ நான்கு வருஷம் ஆனாலோ, எது முந்துகிறதோ அப்போது அதை மாற்றிவிட வேண்டும். இந்த வண்டியில் இரண்டும் தாண்டிவிட்டன. அறுந்தால் வண்டி நின்ற இடத்தில் நிற்கும். உள்ளே வால்வுகளும் வளைந்துபோகும். புது பெல்ட் அலமாரியில் இருக்கிறது, சாயா குடித்துவிட்டு வருவதற்குள் மாற்றித் தருகிறேன் என்றார்.

“மேலே கேக்கணும்” என்றார் பிச்சைமணி. வண்டியை ஓட்டிக்கொண்டு திரும்பினார்கள்.

‘டைமிங் பெல்ட் மாற்றுவது குறித்து’ என்று தலைப்பிட்டு அவர் ஒரு குறிப்பு எழுதி அனுப்பினார். டைமிங் என்ற சொல்லைக் கண்டதும் தபால் பிரிவு அதைக் கடிகாரப் பிரிவுக்கு அனுப்பியது. கழகத்தில் மாடிக்கு ஒரு சுவர்க்கடிகாரமும், அவற்றுக்குச் சாவி கொடுக்க ஒரு பிரிவும் இருந்தன. கடிகாரப் பிரிவு தீர ஆலோசித்துப் பதில் எழுதியது: “கைக்கடிகாரத்துக்கு வார் வாங்குவது ஊழியரின் சொந்தப் பொறுப்பு. சுவர்க்கடிகாரத்துக்கு வார் கிடையாது. கேட்கப்படுவது இடுப்புக்கானதாயின் சீருடைப் பிரிவை அணுகவும்.”

பிச்சைமணி அணுகவில்லை. குறிப்பு தானாகவே அணுகியது. மறுவாரம் சீருடைப் பிரிவிலிருந்து ஒருவர் அளவுநாடாவோடு வந்து பரீதின் இடுப்பை அளந்துவிட்டுப் போனார். பித்தளைக் கொக்கி வைத்த தோல் பெல்ட் ஒன்று வந்தது. அதோடு, ‘வாகனத்துக்கு பெல்ட் வழங்கப்பட்டது, கோப்பு முடிக்கப்படுகிறது’ என்ற ஆணையும் வந்தது.

“நல்ல பெல்ட்டாணு சாரே” என்றான் பரீது, லுங்கியின் மேல் அதைக் கட்டிக்கொண்டு. “ஆனா என்ஜினுக்கு இது கொஞ்சம் பெரிசு.”

பிச்சைமணி செயலாளரிடம் போனார். செயலாளர் வெங்கிடேஸ்வரன் திருப்பூணித்துறையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர். இரண்டு மடிப்பு அங்கவஸ்திரமும், நெற்றியில் சந்தனமும், எதையும் படிக்காமலே புரிந்துகொள்கிற சக்தியும் உள்ளவர்.

“அறுந்துடுத்தா?” என்று கேட்டார்.

“இல்லை சார். அறுந்துடும்னு மெக்கானிக் சொல்றார்.”

“அறுந்துடுத்தான்னு கேட்டேன்.”

“இன்னும் அறலை.”

“பின்னே என்னத்துக்கு மாத்தணும்? நாளைக்கு நீர் செத்துப்போவீர்னு இன்னிக்கே ஒம்ம நாற்காலிக்கு ஆள் எடுக்க முடியுமோ? விதி என்ன சொல்றது? கெட்டுப்போன சாமானைத் திருப்பிக் குடுத்தால்தான் புதுச் சாமான். நீர் கேக்கறது கெடாத சாமானுக்குப் பதில் புதுச் சாமான். இதுக்குப் பேரு ஊழல், ஓய்.”

“நடுவழியில நின்னுடும் சார். உள்ளே நோயாளி இருந்தா…”

“நிக்கட்டும். நின்னால்தானே அறுந்ததுக்கு ருசு?”

இருந்தாலும் செயலாளர் நேர்மையானவர். தன்னால் மறுக்க முடிந்ததைத் தான் மட்டும் மறுப்பது சரியல்ல, கழகமே கூடி மறுக்க வேண்டும் என்று நினைத்தார். ஆகவே பெல்ட் மாற்ற உகந்த காலம் எது என்று ஆராய ஒரு குழு அமைந்தது.

குழு கூடியபோது தலைவர் நடுவில் உட்கார்ந்தார். கழகத்துக்கு வருமுன் நெசவாளர் சங்கத்துக்கும், அதற்குமுன் தேனீ வளர்ப்போர் சங்கத்துக்கும் தலைவராக இருந்தவர். இப்போது அங்கே நெசவும் இல்லை, தேனீயும் இல்லை. அவர் மலையாளத்தில்தான் பேசுவார். நான் தமிழில் எழுதுகிறேன். அவருக்கு வலப்பக்கம் தொழில்நுட்ப ஆலோசகர். அவர் தலைவரின் மனைவிக்குத் தம்பி. ஹோமியோபதி இரண்டு வருஷம் படித்தவர். கழகத்தின் கருத்தில், உடம்பு தெரிந்தவனுக்கு என்ஜின் தெரியும்.

முதலில் ‘நான்கு வருஷம்’ என்பதை எடுத்துக்கொண்டார்கள். வேன் வாங்கியது எண்பத்தைந்தில். ஆனால் திறப்பு விழாவுக்கு ஒரு மந்திரியின் தேதி கிடைக்காமல் அது ஒரு வருஷத்துக்குமேல் ஷெட்டில் கிடந்தது. அந்தச் சமயத்தில் நோயாளிகள் கைவண்டியில் போனார்கள்.

“ரிப்பன் வெட்டுவதற்கு முன்னால் அதை வேன் என்றே சொல்ல முடியாது” என்றார் ஆலோசகர். “பிறக்காத குழந்தைக்கு வயது உண்டா? வேன் திறக்கப்பட்ட அன்றுதான் பெல்ட்டும் பிறந்தது. ஆகவே பெல்ட்டுக்கு இன்னும் நான்கு வயது ஆகவில்லை.”

அடுத்தது கிலோமீட்டர். பிச்சைமணி எழுந்து, மீட்டர் அறுபதாயிரத்தைத் தாண்டிவிட்டது என்றார். தலைவர் அவரைப் பரிவோடு பார்த்தார்.

“மீட்டர் ஓர் இயந்திரம். அதற்கு நியாயம் தெரியாது. அந்த ஓட்டத்தில் கழகத்தின் ஓட்டம் எவ்வளவு? என் பாரியாளும் குழந்தைகளும் ஞாயிற்றுக்கிழமைகளில் திருப்பூணித்துறைக் கோவிலுக்குப் போகிறார்கள். அது பக்தியின் ஓட்டம். என் மகளின் பாட்டு வகுப்புக்குப் போவது கலையின் ஓட்டம். என் சம்பந்தி வீட்டுக்குத் தேங்காய் போவது உறவின் ஓட்டம். இதையெல்லாம் ஏழைத் தொழிலாளர்களின் பெல்ட் மீது சுமத்த நான் சம்மதிக்கமாட்டேன். கழித்துவிடுங்கள்.”

கழித்தார்கள். நோயாளிகளுக்காக வேன் ஓடியது மொத்த ஓட்டத்தில் ஆறில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. தலைவர் பெருமையோடு சுற்றிலும் பார்த்தார். “பார்த்தீர்களா? பெல்ட் புத்தம் புதிது!”

எல்லோரும் கைதட்டினார்கள். பருப்பு வடையும் சாயாவும் வந்தன.  பிச்சைமணி வடையை வாயில் வைத்துக்கொண்டு, தான் கேட்டது உண்மையில் என்ன என்பதை நினைவுபடுத்திப் பார்த்தார். ஒரு ரப்பர் பட்டைதான்.

எதற்கும் நேரில் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று ஆலோசகர் சொன்னார். பெல்ட் என்ஜினுக்குள் மூடி போட்ட இடத்தில் இருந்தது. மூடியைக் கழற்றுவதற்கு அனுமதி வாங்கியிருக்கவில்லை. ஆகவே ஆலோசகர் பானெட்டின்மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடி நின்றார். பிறகு, “உஷ்ணம் சமநிலையில் இருக்கிறது” என்றார். பெல்ட்டுகள் பற்றிய அனுபவத்துக்காக வெலிங்டன் தீவுக்குப் போய், துறைமுகத்தில் மூட்டை போகிற நீள பெல்ட்டையும் ஒரு முழுநாள் பார்த்துவிட்டு வந்தார். ‘அது இதைவிட மிகப் பெரிது, ஆயினும் அறவில்லை’ என்று அறிக்கை கொடுத்தார். வெலிங்டன் தீவுக்கு அவர் போனதும் வந்ததும் அந்த வேனில்தான்.

ஆவணி மாதம் ஒரு புதன்கிழமை, நடுமத்தியானத்தில் அழகர் கழகத்துக்குள் ஓடிவந்தான். பக்கத்து இஞ்சிக் கிட்டங்கியில் மூட்டை தூக்குகிறவன். அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து பெண்சாதியோடு பிழைக்க வந்தவன். பெண்சாதி மாயம்மாள் அதே கிட்டங்கியில் சுக்கு பொறுக்குகிறவள். அவளுக்கு நிறைமாதம். முந்தைய பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் பிள்ளையைப் பறிகொடுத்து, அவளும் பிழைத்ததே பெரிது. இந்த முறை வலி கண்டதும் எறணாகுளம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட வேண்டும், இங்கே வைத்துக்கொள்ளக் கூடாது என்று மட்டாஞ்சேரி ஆஸ்பத்திரி டாக்டர் சொல்லியிருந்தார்.

“ஐயா, வண்டிய எடுக்கச் சொல்லுங்கய்யா. வலி கண்டிருச்சு” என்றான் அழகர். அவன் தோளிலும் தலையிலும் இஞ்சித் தூசி படிந்திருந்தது.

நோயாளியோடு பொறுப்பாளரும் போக வேண்டும் என்பது விதி. பிச்சைமணி முன்னால் ஏறினார். பின்னால் மாயம்மாளைப் பலகை மேல் படுக்கவைத்து, அழகர் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டான். தோப்பும்படி தாண்டி, வெலிங்டன் தீவுக்குப் போகிற பாலத்தில் வேன் ஏறியது. பாதிப் பாலத்தில், முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல், அடங்கிவிட்டது.

பரீது சாவியைத் திருகினான். என்ஜின் பிடிமானம் இல்லாமல் சும்மா சுற்றியது. மறுபடியும் திருகினான். இறங்கி பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு வந்தான்.

“போயி சாரே” என்றான்.

“என்ன போச்சு?”

“அந்த பெல்ட்டுதான்.”

பின்னால் பஸ்கள் வரிசையாக நின்று ஹாரன் அடித்தன. பாலம் குறுகலானது, ஒதுங்க இடமில்லை. எதிர்ப்பக்கத்திலிருந்தும் எதுவும் அசையவில்லை. மாயம்மாள் பலகையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, “இனி தாங்காது” என்று மட்டும் சொன்னாள். மீன்கூடையோடு நடந்து போய்க்கொண்டிருந்த இரண்டு பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர்களுக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கூடையைத் தரையில் வைத்துவிட்டு ஒருத்தி உள்ளே ஏறினாள். மற்றவள் தோளில் போட்டிருந்த மேல்முண்டைப் பிரித்து வாசலை மறைத்துப் பிடித்தாள். பஸ்காரன் ஒருவன் இறங்கிவந்து, வண்டியைத் தள்ளிப் போடச் சொல்லிக் கத்தினான். அந்தப் பெண் திரும்பி அவனிடம் சொன்ன சொற்களை இங்கே எழுத முடியாது. அவன் போய்விட்டான்.

குழந்தை பாலத்தின்மேல் பிறந்தது. ஆண் பிள்ளை. அழுதது. ஆனால் ரத்தம் நிற்கவில்லை. பலகை நனைந்து கீழே சொட்டியது. எதிர்வரிசையின் கடைசியில் நின்ற ஐஸ் லாரிக்காரன் ஒருவன் சங்கதி தெரிந்து, பாலத்து முனையிலேயே லாரியை முன்னும் பின்னும் ஆட்டித் திருப்பினான். அழகரும் பரீதுமாக மாயம்மாளைத் தூக்கிப் போய் லாரியில் ஏற்றினார்கள். குழந்தையை யாரோ பிச்சைமணியின் கையில் கொடுத்தார்கள். அவர் மேல்துண்டில் சுற்றி, மீன் வாடைக்கும் ஐஸ் குளிருக்கும் நடுவே அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வழி நெடுக மாயம்மாளின் முகத்தையே பார்த்தார். அது சுக்கு நிறமாக இருந்தது. 

ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றினார்கள். பிழைத்துவிட்டாள். இன்னும் சற்று நேரம் போயிருந்தால் கொண்டுவந்திருக்கவே வேண்டாம் என்று டாக்டரம்மா சொன்னாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்த பிச்சைமணியின் சட்டையைப் பார்த்து அவர் மனைவி கங்கா அலறிவிட்டாள். அவர் சொன்னதைக் கேட்டபின் அலறலை நிறுத்திச் சட்டையை வாளியில் ஊறப்போட்டாள்.

“ரப்பர் பட்டைதானே? ஒங்க கழகத்துல அதை மாத்தறதுக்கு ஒருத்தருக்கும் கை இல்லையோ?”

“எல்லாருக்கும் கை இருக்கு. தட்டறதுக்குத்தான்.”

“நீங்களும் தட்டினேளா?”

பிச்சைமணி கிணற்றடிக்குப் போய் நெடுநேரம் கைகழுவினார்.

மறுநாள் கழகத்தில் துக்கம் இல்லை, சுறுசுறுப்பு இருந்தது. பெல்ட் அறுந்துவிட்டதற்கு இப்போது ருசு கிடைத்துவிட்டது. ஆனால் ஏன் அறுந்தது? புத்தம் புதிது என்று குழு சொன்ன பெல்ட் அறுந்தால் தவறு யாருடையது? குழுவுடையதாக இருக்க முடியாது. குழு ஏகமனதாக முடிவு செய்திருந்தது. ஆகவே விசாரணை வைத்தார்கள். விசாரணை அதிகாரி தொழில்நுட்ப ஆலோசகர்.

மாயம்மாளுக்கு ஆள் அனுப்பினார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சில நாள்தான் ஆகியிருந்தது. வெளுத்துப் போன முகத்தோடு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, அழகரின் தோளைப் பிடித்தபடி மூன்று மாடி ஏறி வந்தாள். உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. பிச்சைமணி தன் நாற்காலியை அவளுக்குப் பின்னால் நகர்த்திப் போட்டார்.

“வண்டியில் ஏறும்போது நீங்கள் எத்தனை பேர்?” என்று கேட்டார் ஆலோசகர். பிச்சைமணி தமிழில் சொன்னார்.

“நானும் எம் புருஷனும்.”

“புருஷன் துணை. நோயாளிகள் எத்தனை பேர்?”

“நான் ஒருத்திதானுங்கய்யா.”

“இறங்கும்போது?”

“பிள்ளையோட.”

ஆலோசகர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். “ஏறும்போது ஒரு நோயாளி. இறங்கும்போது இரண்டு. இந்த வேனில் ஒரு நோயாளிக்குத்தான் அனுமதி. நடுவில் வேறு யாரும் ஏறவில்லை. அப்படியானால் இரண்டாவது ஆள் முதலிலிருந்தே உள்ளே இருந்திருக்கிறார்.”

“உள்ளதான்யா இருந்தான். பின்ன எங்கன இருப்பான்?”

“எழுதிக்கொள்ளுங்கள். அதிகச் சுமை. ஒப்புக்கொண்டாயிற்று.”

அறையில் எல்லோர் முகத்திலும் நிம்மதி பரவியது. சுமை எவ்வளவு அதிகம் என்று குறிப்பிட்டால் அறிக்கைக்கு விஞ்ஞான ரீதியான கனம் கிடைக்கும் என்றார் செயலாளர். பக்கத்துக் கிட்டங்கியிலிருந்து சுக்கு நிறுக்கிற தராசைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார்கள். தட்டில் தூசி இருந்தது. பியூன் அதை ஊதிவிட்டு, பிள்ளைக்காகக் கையை நீட்டினான்.

மாயம்மாள் பிள்ளையை இழுத்து மாரோடு அணைத்தாள்.

“எம் பிள்ளை என்ன சுக்கா? நிறுத்துத் தரம் பிரிக்கப் போறீகளா?”

“பயப்பட வேண்டாம்” என்றார் தலைவர் கனிவாக. “கழகம் இதற்குக் கட்டணம் வாங்காது.”

“பாலத்து மேல வண்டி நின்னு, நான் செத்திருந்தா அப்ப என்னய்யா செஞ்சிருப்பீக?”

பிச்சைமணி இதை மொழிபெயர்த்தார். ஆலோசகர் கேள்வியை நேர்மையாக எடுத்துக்கொண்டு சற்று யோசித்தார்.

“சாட்சி இல்லாமல் போயிருக்கும்” என்றார். “விசாரணை சீக்கிரம் முடிந்திருக்கும்.”

இதை மட்டும் பிச்சைமணி மொழிபெயர்க்கவில்லை. ஆனால் கொச்சியில் ஆறு வருஷம் இருந்தவளுக்கு அது புரிந்தது. அவள் எழுந்தாள். தராசுத் தட்டை ஒருமுறை பார்த்து, அதில் காறித் துப்பினாள். பிறகு அழகரின் தோளைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

தட்டில் இருப்பதை நிறுக்க வேண்டுமா என்று பியூன் கேட்டான். வேண்டாம் என்று தீர்மானித்தார்கள்.

அன்றே அறிக்கை தயாராயிற்று. ‘தான் இருவர் என்ற உண்மையை மறைத்து நோயாளி வாகனத்தில் ஏறியதே பெல்ட் அறுந்ததற்குக் காரணம்’ என்பது அதன் சாரம். கூடப் போன சாட்சி என்ற முறையில் பிச்சைமணி கையெழுத்துப் போட வேண்டும். செயலாளர் பேனாவைத் திறந்து நீட்டினார்.

“போடமாட்டேன் சார்.”

“ஏன், கை வலியா?”

“அருவருப்பு.”

செயலாளர் அப்படி ஒரு காரணத்தை இதற்குமுன் கேட்டதில்லை. விதிப் புத்தகத்தில் விடுப்புக்கான காரணங்களில் அது இல்லை. “பிச்சைமணி, நீர் கையெழுத்துப் போடலேன்னா, ஆட்சேபணை இல்லாம மௌனமா இருந்தீர்னு எழுதிப்பேன். அதுவும் சம்மதம்தான். ரெண்டும் ஒண்ணுதான், ஓய். நன்னா யோசியும்.”

“ரெண்டும் ஒண்ணுன்னா உங்க பேனாவுக்கு மை மிச்சம்” என்று சொல்லிவிட்டு பிச்சைமணி வெளியே வந்தார்.  செயலாளரை எதிர்த்து ஒரு சொல் சொன்னது அதுதான் முதல்முறை.

அறுந்த பெல்ட்டை ஒப்படைத்ததும் புது பெல்ட்டுக்கு அனுமதி வந்தது. வேனை லாரியில் கட்டிக் கலூருக்கு இழுத்துப் போனார்கள். மெக்கானிக் திறந்து பார்த்துவிட்டு, வால்வெல்லாம் வளைந்துவிட்டது, அதைச் சரிசெய்யாமல் பெல்ட் போட்டுப் பிரயோஜனமில்லை என்றார். பிச்சைமணி அதைக் கழகத்தில் சொன்னார். செயலாளர் அனுமதி ஆணையை எடுத்துக் காட்டினார். அதில் பெல்ட் என்றுதான் இருந்தது. வால்வு உடைந்ததா? இல்லை, வளைந்தது. வளைந்தது உடைந்ததாகாது. உடையட்டும், பார்க்கலாம். பெல்ட்டை மட்டும் போட்டு, வேனை மறுபடி லாரியில் கட்டி இழுத்துவந்து கழக வாசலில் நிறுத்தினார்கள்.

புது பெல்ட்டுக்கு விழா எடுக்க வேண்டும் என்பது தலைவரின் ஆசை. வேனுக்குச் சாமந்தி மாலை போட்டார்கள். பந்தல் போட்டு, மைக் வைத்து, போட்டோக்காரனை வரவழைத்தார்கள். பக்கத்துக் கிட்டங்கிகளில் ஒரு மணி நேரம் வேலையை நிறுத்தித் தொழிலாளர்களை வெயிலில் உட்காரவைத்தார்கள். தலைவர் பேசினார்.

“பெல்ட்டை எப்போது மாற்றுவது என்பது உலகம் முழுவதும் விவாதத்தில் இருக்கிற கேள்வி. சிலர் கிலோமீட்டர் என்கிறார்கள். சிலர் வருஷம் என்கிறார்கள். இந்தக் கழகம் ஊகத்தை நம்பவில்லை, அனுபவத்தை நம்பியது. பெல்ட்டை மாற்ற உகந்த காலம், அது அறுந்த பிறகுதான் என்று நாம் இன்று நிரூபித்திருக்கிறோம். அறுவதற்கு முன்னால் மாற்றியிருந்தால், அது அறுந்திருக்கும் என்பதே நமக்குத் தெரியாமல் போயிருக்கும்! இந்த அறிவைப் பெறுவதற்குத் தொழிலாளி வர்க்கத்தைச் சேர்ந்த ஒரு சகோதரி பாலத்தின்மேல் ஒத்துழைத்தார். அவருக்குக் கழகம் கடமைப்பட்டிருக்கிறது. ஆனால் அவர் சுமையை மறைத்ததை மன்னிக்க விதியில் இடமில்லை.”

கைதட்டல் முடிந்ததும் தலைவர் முன்சீட்டில் ஏறிக்கொண்டார். வேன் ஓடாது என்று சொல்லும் வேலை யாருடையது என்பது தீர்மானமாகாததால் யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. செயலாளர் கண்ணைக் காட்டினார். குமாஸ்தாக்கள் வேனுக்குப் பின்னால் போய்க் கைவைத்தார்கள். பிச்சைமணியின் கையையும் யாரோ பிடித்து இழுத்து வைத்தார்கள். பரீது சாவியைத் திருகுவதுபோல் ஒரு பாவனை செய்து, கியரை நியூட்ரலில் போட்டான். வேன் நகர்ந்தது.

பஜார் ரோட்டில் அது ஊர்ந்து போயிற்று. தலைவர் இருபுறமும் கையசைத்தார்.

“ஆஹா!” என்றார் பரீதிடம். “சத்தமே இல்லை, பார்த்தாயா? புது பெல்ட்டின் விசேஷம்! இதுவரை நாம் ஓட்டியது வண்டியே அல்ல.”

பின்னால் குமாஸ்தாக்களுக்கு மூச்சு வாங்கியது. கிட்டங்கி வாசல்களில் பெண்கள் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். ஒரு வாசலில் அழகர் மூட்டையோடு நின்றிருந்தான். அவன் சிரிக்கவில்லை. பிச்சைமணியை அவன் பார்த்தான். பிச்சைமணியும் அவனைப் பார்த்தார். அவருடைய கை அப்போது, ரத்தம் சொட்டிய அந்தப் பின்கதவின்மேல் இருந்தது.  அவர் கையை எடுத்தார்.

ஓர் ஆள் குறைந்ததும் மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இன்னொருவர் கையை எடுத்தார். பிறகு எல்லோருமே எடுத்துவிட்டார்கள், களைப்பாக இருந்தது. வேன் நடு ரோட்டில் நின்றது. எதிரே வந்த கைவண்டிக்காரர்கள் வழிவிடச் சொல்லிக் கூச்சல் போட்டார்கள்.

தலைவர் தலையை நீட்டினார். “யார் நிறுத்தச் சொன்னது?”

பிச்சைமணி முன்பக்கம் போய் நின்றார். “சார், இந்த வண்டி ஓடலை. உள்ளே எல்லாம் வளைஞ்சு போயிருக்கு. இத்தனை தூரம் நாங்க தள்ளிண்டு வந்தோம். இனி எறங்கி நடங்கோ.”

தலைவர் அவரையும், காலியான பின்பக்கத்தையும், ரோட்டையும் மாறிமாறிப் பார்த்தார்.

“போட்டோ எடுத்தாயிற்றா?” என்று கேட்டார்.

எடுத்தாயிற்று என்றார்கள். தலைவர் இறங்கி நடந்தார்.

தலைவரைத் தாங்கிய வாகனத்திலிருந்து முன்அனுமதியின்றிக் கையை விலக்கியதற்காக பிச்சைமணிக்குத் தண்டனை கிடைத்தது. பதவி உயர்வை நிறுத்தி, பழைய கோப்புகள் கட்டிவைக்கிற கீழ்க்கிட்டங்கிக்கு அவரை மாற்றினார்கள். அங்கே ஜன்னல் ஒன்று உண்டு. அது இஞ்சிக் கிட்டங்கியின் முற்றத்தைப் பார்த்து இருந்தது. வேன் வாசலில், மாலை காய்ந்த கோலத்தில் நின்றது. அந்த வருஷத்து ஆண்டறிக்கையில் அதைப் பற்றி இரண்டு வரி வந்தது: ‘புதிய பெல்ட் பொருத்தப்பட்ட நாள் முதல் வாகனம் ஒரு கிலோமீட்டர்கூட ஓடாத காரணத்தால் பெல்ட் மிகச் சிறந்த நிலையில் உள்ளது. அடுத்த மாற்றத்துக்கான காலம் இன்னும் தொடங்கவில்லை.’

தை பிறந்ததும் இஞ்சிக் கிட்டங்கியில் இன்னொருத்திக்கு வலி கண்டது. மூக்கம்மாள் என்று பெயர். மாயம்மாளின் பக்கத்துக் குடிசைக்காரி. கழகத்துக்கு யாரும் ஓடிவரவில்லை. ஒரு கைவண்டியில் சாக்கை விரித்து அவளைப் படுக்கவைத்தார்கள். மாயம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள். எறணாகுளத்துப் படகு புறப்படுவதற்குள் துறைக்குப் போயாக வேண்டும். அழகர் முன்னால் இழுத்தான். வழியில் பள்ளம் நிறைய.

பிச்சைமணி ஜன்னலிலிருந்து பார்த்தார். கோப்புக் கட்டை அப்படியே போட்டுவிட்டு, யாரிடமும் அனுமதி கேட்காமல் வெளியே வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வண்டியின் பின்னால் போய் இரண்டு கையையும் வைத்துத் தள்ளினார்.